கரைசல் ஊற்றினால் கிழங்கு பெருக்குமா? இயற்கை விவசாயத்துக்கு மாறும் முதல் இரண்டு ஆண்டுகள்

2018 நவம்பரில் வீசிய கஜா புயலில் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னை வைத்திருந்த குடும்பங்கள் பட்ட பாடு நம் வாசகர்களில் பலருக்குத் தெரியும். என் லாத்தா வீட்டுத் தோப்பும் அதில் போனது. மச்சான் இருபது வருடத்துக்கு மேல் சபரில் இருந்து சேர்த்த காசில் வாங்கிய தோப்பு அது. விழுந்த மரங்களை அப்புறப்படுத்தி, கன்று வைத்து, அது வளரும் வரை சும்மா கிடக்கும் இடத்தில் மரவள்ளி போடலாம் என்று முடிவு செய்தார். தென்னங்கன்று சிறிதாக இருக்கும் வரை வெயில் தாராளமாக விழும் என்பதால் ஊடுபயிராகக் கிழங்கு போடுவது நல்ல யோசனைதான்.

அதோடு இன்னொரு முடிவும் எடுத்தார். இனி யூரியா, பொட்டாஷ் எதுவும் நிலத்துக்குள் வரக்கூடாது. பேரப்பிள்ளைகள் சாப்பிடும் கிழங்கில் ரசாயனம் வேண்டாம் என்றார். யாருக்கும் மறுக்கத் தோன்றாத எண்ணம். கைப்பேசியில் நாலைந்து காணொளி பார்த்து, பீப்பாய் வாங்கி, ஜீவாமிர்தம் கரைத்து, பதினைந்து நாளுக்கு ஒரு தடவை தவறாமல் ஊற்றினார். இடையிடையே பஞ்சகவ்யமும் தெளித்தார். தை மாதம் நட்ட குச்சி தழைத்து வந்ததைப் பார்த்து அக்கம்பக்கத்தார் கூட நின்று விசாரித்தார்கள்.

மழைக்கு முன் எடுத்துவிட வேண்டும் என்று ஐப்பசித் தொடக்கத்தில் பிடுங்கினோம். நானும் கூட இருந்தேன். முதல் செடியில் விரல் தடிமனுக்கு நாலு வேர். இரண்டாவதும் அப்படியே. பத்துச் செடி பிடுங்கிய பிறகு மச்சான் வரப்பில் உட்கார்ந்துவிட்டார். "தம்பி, ஒரு நாள் விடாம ஊத்துனேனே, எங்க தப்பு பண்ணுனேன்?" என்று கேட்டார். அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. பிறகு தேடிப் படித்ததும், விவசாயம் தெரிந்தவர்களிடம் கேட்டதும், இரண்டாம் வருடம் அதே நிலத்தில் பார்த்ததும்தான் இந்தக் கட்டுரை. இயற்கை விவசாயத்துக்கு மாற நினைக்கும் குடும்பங்கள், முக்கியமாக கிழங்கு, முள்ளங்கி, பீட்ரூட், கேரட் போட நினைப்பவர்கள், முதல் பீப்பாயை வாங்குவதற்கு முன் படித்துவிடுவது நல்லது.

பீப்பாய்க்குள் எவ்வளவு சத்து இருக்கிறது?

ஜீவாமிர்தம் செய்யும் முறை இப்போது எல்லோருக்கும் தெரியும். ஓர் ஏக்கருக்கு 10 கிலோ பசுஞ்சாணம், 5 முதல் 10 லிட்டர் கோமியம், 2 கிலோ வெல்லம், 2 கிலோ பயறு மாவு, ஒரு பிடி மண், 200 லிட்டர் தண்ணீர். இதில் எவ்வளவு தழைச்சத்து இருக்கும் என்று ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். பச்சைச் சாணத்தில் தழைச்சத்து அரை சதவீதத்துக்கு உள்ளேதான். 10 கிலோவில் அதிகம் போனால் 50 கிராம். கோமியத்தில் ஏறத்தாழ ஒரு சதவீதம் என்று வைத்தால் 100 கிராம். பயறு மாவில் ஒரு 70 கிராம். ஆக மொத்தம் 200 கிராம் சொச்சம். ஒன்பது மாதப் பயிருக்குப் பதினைந்து நாளுக்கு ஒரு முறை என்றால் பதினெட்டுத் தடவை. மூன்றரை, நாலு கிலோ.

மரவள்ளிக்கு எவ்வளவு வேண்டும்? தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இறவை மரவள்ளிக்கு எக்டேருக்கு 90 கிலோ தழைச்சத்து, 90 கிலோ மணிச்சத்து, 240 கிலோ சாம்பல்சத்து பரிந்துரைக்கிறது. தொழுவுரம் போட்ட பிறகு அதற்கு மேல் இது. ஏக்கருக்குக் கணக்கிட்டால் தழைச்சத்து 36 கிலோ, சாம்பல்சத்து 97 கிலோ வரும். மச்சான் ஒன்பது மாதம் பாடுபட்டு ஊற்றியது, தழைச்சத்தில் பத்தில் ஒரு பங்கு. சாம்பல்சத்தில் அந்த அளவு கூட இல்லை.

அப்படியானால் ஜீவாமிர்தம் ஏமாற்றா? இல்லை. அது உரமே அல்ல. தயிருக்கு இடும் உறை மாதிரி. உறை நல்லதாக இருந்தாலும் பாத்திரத்தில் பால் இல்லையென்றால் தயிர் எங்கிருந்து வரும்? கரைசலில் இருக்கும் நுண்ணுயிர்கள் மண்ணில் கிடக்கும் இலைதழை, சாணம், வேர் மிச்சம் இவற்றைத் தின்றுதான் பயிருக்குச் சத்தை விடுவிக்கின்றன. பத்து வருடமாக இயற்கை முறையில் இருக்கும் நிலத்தில் அந்தப் பால் நிறைய இருக்கிறது. அங்கே கரைசல் வேலை செய்கிறது. நேற்று வரை யூரியாவில் ஓடிய நிலத்தில் அது இல்லை. காணொளியில் பேசுகிறவர் பெரும்பாலும் முதல் வகை நிலத்தில் நின்றுகொண்டு பேசுகிறார். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அவருடைய பத்தாவது வருடத்தை நாம் நம் முதல் வருடத்தில் செய்து பார்க்கிறோம்.

உங்கள் நிலம் எந்த வகை என்று தெரிந்துகொள்ள மண்வள அட்டையில் "அங்கக கரிமம்" என்று ஒரு வரி இருக்கும். அரை சதவீதத்துக்குக் கீழே என்றால் குறைவு. மச்சானுடைய மண் அதற்கும் கீழே. ஆய்வுக்கு மண் எடுத்தது முதல் அறுவடைக்குப் பிறகுதான். முன்பே எடுத்திருந்தால் ஒரு வருடம் மிச்சமாகியிருக்கும்.

பக்கத்து நாட்டில் நடந்தது

ஒரு தோப்பில் நடந்ததே 2021இல் ஒரு நாட்டுக்கும் நடந்தது. இலங்கை அரசு அந்த ஆண்டு ஏப்ரலில் அறிவித்து, மே மாதத்தில் ரசாயன உர இறக்குமதியைத் தடை செய்தது. ஒரே வீச்சில் நாடு முழுவதும் சேதனப் பசளைக்கு மாற வேண்டும் என்றது உத்தரவு. நெல்லும் தேயிலையும் அடிபட்டன. நுவரெலியாவில் உருளைக்கிழங்கும் கேரட்டும் போடுகிறவர்களுக்குப் பசளைக்கு எங்கே போவது என்று தெரியவில்லை. நிலத்தைத் தயார் செய்ய அவகாசம் தரப்படவில்லை. அக்டோபரில் இந்தியாவிலிருந்து நானோ நைட்ரஜன் திரவ உரம் வரவழைத்துப் பார்த்தார்கள். நவம்பரில் தடையை விலக்கிக்கொண்டார்கள்.

அதே காலத்தில் சீனாவிலிருந்து 20,000 டன் சேதனப் பசளையோடு ஒரு கப்பல் வந்தது நினைவிருக்கும். மாதிரிகளில் எர்வினியா என்ற பாக்டீரியா இருப்பதாகச் சொல்லி இலங்கையின் தாவரத் தடுப்புக்காப்பு அதிகாரிகள் சரக்கை இறக்க விடவில்லை. விற்ற நிறுவனம் அதை மறுத்தது. விவகாரம் முற்றி, கடைசியில் இலங்கை பணம் கொடுத்து முடித்தது. யார் சொன்னது சரி என்பது இங்கே நமக்குத் தேவையில்லை. நாம் கவனிக்க வேண்டியது வேறு. எர்வினியா குடும்பத்தில்தான் கிழங்குகளை நசநசவென்று அழுகவைக்கும் கிருமி இருக்கிறது. அதற்கு விஞ்ஞானிகள் வைத்த பழைய பெயரின் பொருளே கேரட்டைத் தின்னி என்பதுதான். மக்காத, அரைகுறையாகப் புளித்த சரக்கை இயற்கை உரம் என்ற பெயரில் கிழங்குக் காட்டில் ஊற்றுவது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டியதில்லை. கடையில் லேபிள் ஒட்டி வரும் புட்டிக்கும் இது பொருந்தும்.

கிழங்குக்கு என்ன பசி?

கீரைக்கும் கிழங்குக்கும் ஒரே கரைசலை ஒரே மாதிரி ஊற்றுவது அடுத்த தவறு. கீரையில் இலைதான் விளைச்சல். கிழங்கில் இலை என்பது சமையல் அடுப்பு. அங்கே தயாராகும் சர்க்கரை கீழே இறங்கி மாவுச்சத்தாக மாறி வேரில் அடைய வேண்டும். அப்படி இறங்குவதற்குச் சாம்பல்சத்து முக்கியம். மரவள்ளிப் பரிந்துரையில் தழைச்சத்தைவிட சாம்பல்சத்து இரண்டரை மடங்குக்கும் மேல் இருப்பது இதனால்தான்.

தழைச்சத்து முதல் பருவத்தில் வேண்டும். இலை விரியாமல் அடுப்பு எரியாது. ஆனால் கிழங்கு கட்டத் தொடங்கிய பிறகும் தழைச்சத்தையே ஊற்றிக்கொண்டிருந்தால் செடி மேலேயே வளர்ந்துகொண்டிருக்கும். சர்க்கரைவள்ளி போட்டவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். கொடி வரப்பைத் தாண்டி ஓடும், தோண்டினால் கீழே ஒன்றும் இருக்காது. உருளைக்கிழங்கு நட்டு ஐந்தாறு வாரத்துக்குள் கிழங்கு வைக்கத் தொடங்கிவிடும். சர்க்கரைவள்ளி ஒன்று, ஒன்றரை மாதத்தில். மரவள்ளி இரண்டு, மூன்று மாதம் எடுக்கும். அந்தக் கட்டம் வரை தழைச்சத்து, அதற்கு மேல் சாம்பல்சத்து என்று பிரித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. மச்சான் எட்டாம் மாதத்திலும் பஞ்சகவ்யம் தெளித்துக்கொண்டிருந்தார். இலை அழகாகத்தான் இருந்தது.

கேரட், முள்ளங்கிக்கு இன்னொரு சங்கதி. நடவுக்குச் சற்று முன் பச்சைச் சாணம் போட்டால் வேர் நேராக இறங்காமல் இரண்டு கால், மூன்று கால் விட்டுப் பிளக்கும். அந்த நிலத்துக்குத் தொழுவுரத்தை முந்தைய பயிருக்கே போட்டுவிட வேண்டும்.

முதலில் நிலத்துக்கு, பிறகுதான் பீப்பாய்

இரண்டாம் வருடம் மச்சான் கிழங்கை அவசரமாக நடவில்லை. முதலில் சணப்பு விதைத்தார். 45 நாளில் பூவெடுக்கும் தறுவாயில் மடக்கி உழுதார். தக்கைப்பூண்டும் இதற்கு ஏற்றது. நன்றாக வளர்ந்த பசுந்தாள் உரம் ஏக்கருக்கு 20, 25 கிலோ தழைச்சத்து தரும். அதற்கு மேல் நன்றாக மக்கிய தொழுவுரம் 5 டன். அதில் தழைச்சத்து மொத்தம் 25 கிலோ இருந்தாலும் முதல் வருடம் மூன்றில் ஒரு பங்குதான் பயிருக்குக் கிடைக்கும். மீதி அடுத்தடுத்த வருடங்களுக்கு. சாம்பல்சத்து அப்படியில்லை, பெரும்பகுதி முதல் வருடமே வந்துவிடும். கடைசி உழவில் வேப்பம்பிண்ணாக்கு 100 கிலோ, அதில் ஒரு 5 கிலோ தழைச்சத்து. இப்படிக் கூட்டிப் பார்த்தால் 36 கிலோவுக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. இந்தப் பாலுக்குத்தான் ஜீவாமிர்தம் உறை.

ஒரு எச்சரிக்கை. வைக்கோல், காய்ந்த மட்டைத்தூள் போன்ற உலர்ந்த சரக்கை நடவுக்கு முன் மண்ணோடு கலக்காதீர்கள். அதை மக்கவைக்க நுண்ணுயிர்கள் மண்ணில் இருக்கும் கொஞ்ச நஞ்சத் தழைச்சத்தையும் தங்களுக்கே எடுத்துக்கொள்ளும், பயிர் வெளுத்துப்போகும். மேலாக மூடாக்குப் போடுவதில் இந்தப் பிரச்சினை இல்லை.

எந்தக் கரைசல், எப்போது?

நிலம் தயாரான பிறகு கரைசலுக்கு ஒரு நல்ல வேலை இருக்கிறது. மண்ணில் போட்ட சத்து மெதுவாகத்தான் வெளியே வரும். பயிரின் பசி சில வாரங்களில் சட்டென்று ஏறும். அந்த இடைவெளியை நிரப்ப உடனே கிடைக்கும் உணவு கரைசல்தான். மாறும் காலத்தில் இந்த இடைவெளி பெரிது. மண் பழகப் பழகச் சுருங்கும்.

முதல் பருவத்துக்குக் கடலைப் பிண்ணாக்குக் கரைசல் கைகண்டது. பிண்ணாக்கில் 7 சதவீதம் தழைச்சத்து. ஒரு கிலோவைப் பத்து லிட்டர் தண்ணீரில் மூன்று நாலு நாள் ஊறப்போட்டு, தினமும் கலக்கி, தெளிவை எடுத்துப் பத்து மடங்கு தண்ணீர் சேர்த்து வேர்ப்பகுதியில் ஊற்ற வேண்டும். செலவு கொஞ்சம் பிடிக்கும். வீட்டுத் தோட்டத்துக்கும் மாடித் தோட்டத்துக்கும் கட்டுப்படியாகும். ஏக்கர் கணக்கில் என்றால் யோசிக்க வேண்டும்.

கடற்கரை ஊர்களில் இருப்பவர்களுக்கு மீன் அமினோ அமிலம் மலிவு. மீன் கழிவும் நாட்டு வெல்லமும் சம எடை. மூடிபோட்ட வாளியில் மூன்று வாரத்துக்கு மேல் நிழலில் வைத்தால் தேன் பதத்தில் வரும். லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி போதும். சரியாக வந்தால் பழவாசம் அடிக்கும். பிணவாடை அடித்தால் வெல்லம் குறைந்துவிட்டது. அதை ஊற்றாமல் குழிதோண்டிப் புதைத்துவிடுங்கள். கருவாட்டுக் கழிவைச் சேர்க்கவே கூடாது, உப்பு மண்ணைக் கெடுத்துவிடும். நம் பக்கம் கிணற்றுத் தண்ணீரே உப்பாகிக் கொண்டிருக்கும்போது நாமும் ஏன் சேர்க்க வேண்டும்?

கோமியம் பற்றிப் பல குடும்பங்களில் தயக்கம் இருப்பதை அறிவேன். கால்நடைகளின் சிறுநீர் குறித்து மத்ஹபுகளுக்கு இடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. அதை உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். விவசாயக் கணக்கில் மட்டும் சொல்கிறேன்: கோமியம் இல்லாமலும் வேலை நடக்கும். மேலே சொன்ன இரண்டிலும் அது இல்லை. மண்புழு உரத்தின் வடிநீரிலும் இல்லை.

கிழங்கு கட்டும் பருவத்துக்குச் சாம்பல்சத்துக் கரைசல்கள். தோப்புக்காரர்களுக்கு அது காலடியிலேயே கிடக்கிறது. தேங்காய் மட்டையில் சாம்பல்சத்து அதிகம், தண்ணீரில் ஊறினால் இறங்கிவிடும். வாழைத்தண்டு, வாழை மட்டையிலும் அப்படியே. நறுக்கி வெல்லத் தண்ணீரில் ஊறவைத்து வடிகட்டலாம். மண்டபம், பாம்பன் கடற்கரையில் வளர்க்கும் கப்பாபைகஸ் என்ற கடற்பாசியின் சாறும் சாம்பல்சத்து நிறைந்தது. மத்திய உப்பு மற்றும் கடல் வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் அதைத் திரவ உரமாக்கும் முறையைக் கொண்டுவந்தது. இலையில் தெளிக்க நல்லது. ஆனால் 97 கிலோவைத் தெளிப்பில் ஈடுகட்ட முடியாது என்ற கணக்கை இங்கேயும் மறக்க வேண்டாம்.

அடுப்புச் சாம்பல் கரைசலைவிட எளிது. நட்ட மூன்றாம் மாதம் மண் அணைக்கும்போது தூவி மூடிவிடலாம். சாம்பலையும் சாணக் கரைசலையும் ஒன்றாகக் கலக்காதீர்கள். காரத்தன்மை பட்டவுடன் தழைச்சத்து ஆவியாகப் போய்விடும், மூக்கே சொல்லும். உருளைக்கிழங்குக்குச் சாம்பலைக் கூடுதலாகப் போட்டால் தோலில் சொறி வரும். மண் ஆய்வில் சாம்பல்சத்து மிகக் குறைவு என்று வந்தால், இயற்கைத் தாதுவாகக் கிடைக்கும் பொட்டாசியம் சல்பேட்டுக்குச் சான்றளிப்பு விதிகளில் கட்டுப்பாட்டோடு இடம் உண்டு. முன்கூட்டியே கேட்டு அனுமதி பெற வேண்டும்.

ஹஜ்ஜுப் பெருநாளையொட்டி ஊருக்கு ஊர் குர்பானிக் கழிவை எங்கே கொட்டுவது என்று திண்டாடுகிறோம். இரைப்பையில் இருக்கும் அரைச் சாணம், இரத்தம், எலும்பு எல்லாமே நிலத்துக்குத் தீனிதான். இரத்தத்தில் தழைச்சத்தும் எலும்பில் மணிச்சத்தும் நிறைய. ஆழக் குழிவெட்டி, சருகும் மண்ணும் மாற்றி மாற்றிப் போட்டு, நாய் கிளறாமல் மூடி, ஆறு மாதம் விட்டு எடுக்கலாம். கிணற்றுக்குப் பக்கத்தில் மட்டும் வேண்டாம். சான்றிதழுக்குப் போகிறவர்கள் இதையும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

எந்தக் கரைசலானாலும் துணியில் வடிகட்டாமல் சொட்டுநீர்க் குழாயில் விடாதீர்கள். ஈரமான மண்ணில் ஊற்றுங்கள், ஆனால் தண்ணீர் தேங்கவிடாதீர்கள். மண்வெட்டி பட்ட காயம், தேங்கிய ஈரம், வெல்லச் சத்து மூன்றும் சேர்ந்தால் அழுகலுக்கு அழைப்பு வைத்த மாதிரி.

பச்சையாகக் கடிக்கும் கிழங்கு

இதைப் பலர் யோசிப்பதில்லை. கத்தரிக்காய் மேலே தொங்குகிறது. கேரட்டும் முள்ளங்கியும் நாம் சாணம் ஊற்றும் மண்ணுக்குள்ளேயே கிடக்கின்றன. பிள்ளைகள் அவற்றைப் பச்சையாகவே கடிக்கிறார்கள். அமெரிக்காவின் இயற்கை வேளாண் விதிப்படி, மண்ணில் படும் விளைச்சலுக்குப் பச்சைச் சாணம் போட்டால் அறுவடைக்கு முன் 120 நாள் இடைவெளி இருக்க வேண்டும். முள்ளங்கி 45, 50 நாள் பயிர். ஆக, அதற்குச் சாணக் கரைசலே வேண்டாம் என்பதுதான் என் கருத்து. பிண்ணாக்கும் மக்கிய உரமும் போதும். மரவள்ளி, கருணைக்கிழங்கு எல்லாம் வேகவைத்துச் சாப்பிடுவதால் அந்தக் கவலை குறைவு.

இந்தியாவின் தேசிய இயற்கை வேளாண் உற்பத்தித் திட்டத்தில் ஒரு பருவப் பயிர்களுக்கு மாற்றுக்காலம் இரண்டு ஆண்டு. தென்னை போன்ற பல்லாண்டுப் பயிருக்கு மூன்று. தமிழ்நாட்டில் இதற்கான அரசுத் துறை கோவையில் இருக்கிறது. அந்தக் காலம் முடியும் வரை இயற்கை விளைபொருள் என்ற முத்திரையோ அந்த விலையோ கிடைக்காது, விளைச்சலும் குறையும். சபரிலிருந்து திரும்பி, கைக்காசை நிலத்தில் போடுகிறவர் இந்த இரண்டு வருடக் குறைவைத் தாங்க முடியுமா என்று முதலிலேயே கணக்குப் பார்க்க வேண்டும். முடியாதென்றால் கால் பங்கு நிலத்தில் தொடங்குங்கள். அந்தப் பகுதியைத் தனியாக எல்லை போட்டுப் பிரித்து, செலவையும் தனியாக எழுதி வையுங்கள்.

மச்சான் இரண்டாம் வருடம் அரை ஏக்கரில் மட்டும்தான் மரவள்ளி போட்டார். பிடுங்கியபோது யூரியா போட்ட காலத்து விளைச்சல் இல்லை; ஆனால் செடிக்கு நாலு கிழங்கு, ஒவ்வொன்றும் முன்கை தடிமனுக்கு இருந்தது. உள்ளூர்ச் சந்தையில் சாதாரண விலைக்குத்தான் கொடுத்தார். செலவு போகக் கொஞ்சம் நின்றது. லாத்தா அவித்து, தேங்காய்ப்பூ போட்டு எல்லா வீட்டுக்கும் கொடுத்துவிட்டார். மீதி நிலத்தில் இப்போது சணப்பு நிற்கிறது. பீப்பாய் கிணற்றடியில்தான் இருக்கிறது. மாதம் ஒரு முறை எடுக்கிறார்.